உள்ளே உத்திரம், வெளியே நூல்

1. நூல்

காலை ஐந்து ஐம்பத்தைந்து. பாவடித் தெருவுக்குள் திரும்பியதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு வெள்ளை நூல். தெருவின் மேற்குக் கோடியில் கோயில் கல்தூணில் ஒரு முனை, கிழக்குக் கோடியில் குழாயடிக் கல்லில் மறுமுனை. முழங்கால் உயரத்தில், வடக்கு வரிசை வீடுகளின் பேஸ்மட்டத்தை ஒட்டி, எதையும் தொடாமல் ஓடியது.

நடுவில் ஒரு வீட்டில் லுங்கி கட்டிய ஒருவர் படிகளின் மேல் பலகை போட்டு மொபெட்டை இறக்கிக்கொண்டிருந்தார். நூல் குறுக்கே வந்தது. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. ஒரு கையால் தூக்கி, வண்டியை அடியில் நுழைத்து, வெளியே வந்ததும் விட்டுவிட்டார். பலகையின் நுனி நூலுக்கு அப்பால், வீதியில் கிடந்தது. நான் அதைக் குறித்துக்கொண்டேன். செய்திக்கு எது தேவைப்படும் என்று முன்கூட்டித் தெரியாது என்பதால் எல்லாவற்றையும் குறித்துக்கொள்வது பழக்கம்.

அருப்புக்கோட்டையில் நாளிதழ் நிருபராகப் பல காலம் வேலை பார்த்தேன். ஓய்வுக்குப் பிறகு, ஊரின் பழைய தெருக்களில் வீட்டு முகப்பை மாற்ற விரும்புகிறவர்களின் மனுக்களைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் சிறிய குழுவில் என்னைப் பொதுமக்கள் சார்பில் போட்டார்கள். என்னுடன் கட்டடப் பொறியாளர் முருகேசன், மதுரையில் கட்டடக்கலை கற்பிக்கும் உஷா. மூவரும் நேரில் போய்ப் பார்ப்போம். ஒரு பக்கத்துக்கு அறிக்கை கொடுப்போம். அதன் பிறகுதான் பிளான் அப்ரூவல். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

பெரும்பாலான மனுக்கள் சாதாரணமானவை. கம்பி கேட் வேண்டும், ஷட்டர் வேண்டும், சன்னலை அகலப்படுத்த வேண்டும். ஒருவர் சுண்ணாம்புப் பூச்சு முகப்பு முழுவதும் குளியலறை டைல்ஸ் ஒட்ட அனுமதி கேட்டார்.

"மழை பெஞ்சா கழுவிவிட்ட மாதிரி பளிச்சுன்னு இருக்கும்ல சார்" என்றார்.

"மழை எங்கய்யா பெய்யுது நம்ம ஊருல?" என்று முருகேசன் கேட்டார். மனுதாரர் வானத்தைப் பார்த்தார். மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

பாவடித் தெரு மனு அப்படி முடியவில்லை.

2. மனு

பாவடி என்றால் நெசவுக்கான பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட்டுக் காயவைக்கும் இடம். அந்தத் தெருவே அதற்காக அகலமாகவும் நேராகவும் விடப்பட்டது. இப்போது பெரும்பாலோர் மிஷின் பாவு வாங்கிவிடுகிறார்கள். இரண்டு வீட்டுக்காரர்கள் மட்டும் தெருவில் நீட்டுகிறார்கள். ஆனால் தெருவின் விதி மாறவில்லை. வீட்டு முன்பக்கம் யார் கை வைத்தாலும், விடியற்காலையில் கோடிக்குக் கோடி நூல் பிடிப்பார்கள். கட்டப்போவது நூலைத் தொட்டால் தெரு சம்மதிக்காது.

அன்று நூல் பிடித்தவர் நாகராஜன். தெருவின் பெரியதனக்காரர், அதாவது தலைவர். மொபெட் இறக்கிக்கொண்டிருந்த அதே மனிதர்தான். சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"ஏன் இவ்வளவு வெள்ளென?" என்று உஷா கேட்டார். அவர் மதுரையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார்.

"வெயில் ஏறுனா காத்துக் கெளம்பிரும்மா. காத்துக் கெளம்பிருச்சுன்னா நூலு வயிறு தள்ளும். அப்புறம் அது சொல்றத நம்ப முடியாது."

மனு கொடுத்தவர் பத்மாவதி. நாகராஜன் வீட்டுக்குக் கிழக்கே அடுத்த வீடு. கல்லூரி முடிக்கிற சமயத்தில் நடந்த ஒரு பஸ் விபத்தில் அவருடைய இரண்டு கால்களும் செயலிழந்துவிட்டன. அதன் பிறகு வீட்டிலிருந்தே படித்துத் தேர்வெழுதினார். திருச்சுழியில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் வேலை கிடைத்திருந்தது. அடுத்த மாதம் முதல் தேதி சேர வேண்டும். பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் இருந்தது, ஓட்டவும் தெரியும். ஸ்கூட்டர் வீதியில் நின்றது. பத்மாவதி தாழ்வாரத்தில் சக்கர நாற்காலியில் இருந்தார். இடையில் செங்குத்தான நான்கு கல்படிகள்.

அதுவரை அவருடைய அப்பா தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் நடந்த பிறகு பளு தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரே தம்பி திருப்பூரில் வேலையில் இருந்தார்.

"பக்கத்துல ஆளுக இல்லையாம்மா?" என்று முருகேசன் கேட்டார்.

"இருக்காக சார். ஆசுபத்திரிக்குன்னா ஓடி வந்து தூக்குவாக. தெனம் காலையில ஒருத்தரு, சாயந்தரம் ஒருத்தரு தூக்கி எறக்க நான் என்ன நூல் மூட்டையா? அவுக தூக்குறப்பல்லாம் சேலையப் பிடிச்சுக்கிட்டே வேலைக்குப் போக முடியாது சார்."

மனுவோடு ஒரு பிளான் இருந்தது. தாழ்வாரத்திலிருந்து வீதிக்கு கான்கிரீட் ராம்ப். பேஸ்மட்டம் உயரம் என்பதால் சாய்வு நீளமாக வர வேண்டும். கிட்டத்தட்ட பாதி வீதி. நூலைத் தொடுவது என்ன, நூலை விழுங்கிவிட்டுப் போயிற்று.

நாகராஜன் பிளானை வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

"சார், நான் கல்நெஞ்சக்காரன் இல்ல. அது நான் தூக்கி வளத்த புள்ள. ஆனா ஒருத்தருக்கு ஒரு முழம் விட்டா அடுத்தவன் ரெண்டு முழம் கேப்பான். மத்த தெருவப் போயிப் பாருங்க. படி, மேடை, ஷெட்டுன்னு ஆளாளுக்கு இழுத்து, ஆட்டோ போக முடியுதா? எங்க தெருவுல லோடு லாரி வந்து திரும்பிப் போகும். பயரு வண்டி வரும். எல்லாம் இந்த நூலுனாலதான்."

அவர் சொன்னது உண்மை. அருப்புக்கோட்டையில் தீயணைப்பு வண்டி நுழைய முடியாத தெருக்களைப் பற்றி நானே செய்தி எழுதியிருக்கிறேன்.

"பின்னாடி சந்து இருக்குல்ல?" என்றார் முருகேசன்.

"இருக்கு சார். சாக்கடைக்கு மேல மூடி போட்ட சந்து. குப்பை வாளி கொண்டு போற வழி. இந்தச் சேரு அதுல நுழையாது." பத்மாவதி கொஞ்சம் நிறுத்தினார். "நுழைஞ்சாலும் போக மாட்டேன். வேலைக்கான ஆர்டர்ல முன்வாசல் அட்ரஸ்தான் போட்டிருக்கு."

முருகேசன் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் படியேறினார்.

3. உத்திரம்

வெளியே போக முடியாது என்றால் உள்ளே வெட்ட வேண்டும். படிகளை எடுத்துவிட்டுத் தாழ்வாரத்தைக் குடைந்து, சாய்வை வீட்டுக்குள்ளேயே கொண்டுபோகலாமா என்று பார்த்தோம். அதற்கு முன்வரிசைத் தேக்குத் தூண் ஒன்றை எடுக்க வேண்டும்.

உஷா நாற்காலி போட்டு ஏறி, தூணின் தலைப்பகுதியை டார்ச் அடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். இறங்கி, நாகராஜன் வீட்டுத் தாழ்வாரத்துக்குப் போய் அங்கேயும் பார்த்தார்.

"இந்த வீடுகளை யாரு கட்டினது?"

"எங்க தாத்தாவும் கூடப் பொறந்தவங்களுமா நாலு பேரு. ஒரே சமயத்துல கட்டுனது. நாலு வீடும் பங்காளி வீடுதான்" என்றார் நாகராஜன்.

"கட்டினது நாலு வீடு இல்லை. ஒரே வீடு, நாலு வாசல்" என்றார் உஷா. "உங்க உத்திரமும் பத்மாவதி வீட்டு உத்திரமும் இந்தத் தூண் தலையிலதான் சேருது. இதை எடுத்தா இவங்க கூரைக்கு முன்னாடி உங்க கூரை இறங்கும்."

நாகராஜன் அண்ணாந்து பார்த்தார். பிறந்ததிலிருந்து அவர் அந்த உத்திரத்தின் அடியில்தான் இருந்தார். ஆனாலும் இன்றுதான் பார்ப்பவர்போலப் பார்த்தார்.

"இரும்பு கர்டர் குடுத்துத் தாங்கலாம் மேடம்" என்றார் முருகேசன்.

"தாங்கலாம். லோடு மாத்தும்போது மேல இருக்கிற சுண்ணாம்புத் தளம் விரிசல் விடும். மழைக்கு ஒழுகும். நாலு வீட்டுக்காரங்களும் சம்மதிக்கணும். அப்படியே சம்மதிச்சாலும் தாழ்வாரம் ஆறடிதான். சாய்வுக்கு அது பத்தாது. கூடத்துக்குள்ள போகும். கூடத்தில் தறிக்குழி இருக்கு."

உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் அந்த வீட்டின் வருமானம்.

நான் என் தாளில் இரண்டு வரி எழுதினேன். வெளியே: நூல். உள்ளே: உத்திரம். இரண்டுக்கும் நடுவில் நான்கு படிகள் இருந்தன. குழுவின் விதிப்படி இந்த மனுவை நிராகரிக்க எங்களுக்குப் போதுமான காரணம் இருந்தது. தெருவின் விதிப்படியும் அப்படியே. இரண்டு விதிகளிலும் தவறு இல்லை.

முருகேசன் பைலை மூடினார். "ரிஜெக்ட்டுன்னு எழுதிருவோம் சார். வேற என்ன செய்ய?"

பத்மாவதிக்கு அது கேட்டது.

4. பந்தக்கால்

"பெரியப்பா" என்று கூப்பிட்டார் பத்மாவதி.

நாகராஜன் திரும்பினார்.

"நேத்து ராத்திரி வண்டிய எப்படி உள்ள ஏத்துனீக?"

"பலகை போட்டுத்தான். ஏன்?"

"பலகை நூலுக்கு உள்ள கெடந்துச்சா, வெளிய கெடந்துச்சா?"

எதிர்வீட்டு வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் சிரித்துப் புரையேறினார். நாகராஜன் அவரைப் பார்த்து, "ஏலே, வாயக் கொப்புளிச்சிட்டுச் சிரில" என்றார். பிறகு பத்மாவதியிடம், "அது வண்டிம்மா. ஏத்துனதும் பலகைய எடுத்து உள்ள வச்சிருவோம்ல" என்றார்.

"என்னையும் வண்டின்னு வச்சுக்கங்க. எறங்குனதும் எடுத்து உள்ள வச்சிருங்க."

உஷா என்னைப் பார்த்தார். நான் என் குறிப்பின் முதல் பக்கத்தைப் புரட்டினேன். பலகை, நுனி, வீதி. எல்லாம் அங்கேயே இருந்தது. அந்தத் தெருவில் வண்டி வைத்திருந்த எல்லா வீட்டுக்காரர்களும் தினமும் இரண்டு முறை நூலைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள்.

நாகராஜன் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் கேட்ட கேள்வியும் நியாயமானது.

"வண்டிப் பலகைய வண்டிக்காரன் எடுக்கான். உன் பலகைய யாரு தாயி எடுக்கிறது? உன்னால ஆகாது. உங்க அய்யா குனியவே கூடாது. வண்டிப் பலகை மாதிரி குட்டையாவா இருக்கும் அது? நீளப் பலகை. ரெண்டாளு வேணும். மொத நாலு நாளு ஆரும் எடுப்பாக. அஞ்சாம் நாளு வீதியிலேயே கெடக்கும். பத்தாம் நாளு அதுக்கு மேல சிமெண்டு பூசிருவாக. நான் பாக்காததா?"

பத்மாவதி தன் அப்பாவைப் பார்த்தார். அவர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பதில் கிழக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. கமலா என்ற பெண். நூலைத் தெருவில் நீட்டிப் பாவு காயவைக்கும் இரண்டு வீடுகளில் ஒன்று அவருடையது. நூல் விதியால் இன்றும் பயன் பெறுகிறவர் என்பதால், அவர் நாகராஜன் பக்கம் பேசுவார் என்றுதான் நான் நினைத்தேன்.

"பந்தலு நூலத் தாண்டலாம்னு விட்டிருக்கோம்ல, அது எப்படி?" என்று அவர் பொதுவாகக் கேட்டார்.

அவரே எங்களுக்காக விளக்கினார். கல்யாணத்துக்கு வீதியில் பந்தல் போட்டால், முதல் கால்களை அந்த வீட்டுக்காரர்கள் ஊன்றக் கூடாது. இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் ஆளுக்கொரு கால் ஊன்ற வேண்டும். விசேஷம் முடிந்ததும் அவர்கள்தான் பிடுங்கிக் குழியை மூட வேண்டும். அப்படிச் செய்தால் பந்தல் நூலைத் தாண்டலாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் கை வைக்காவிட்டால் பந்தல் இல்லை.

"இந்தப் பக்கம் நான் கை வைக்கேன்" என்றார் கமலா. "அந்தப் பக்கம் யாரு வீடுன்னு பெரியதனமே சொல்லட்டும்."

அந்தப் பக்கம் நாகராஜன் வீடு.

"பந்தலுங்கிறது நல்ல காரியத்துக்குப் போடுறது" என்றார் நாகராஜன்.

பத்மாவதியின் அப்பா தூணை விட்டுவிட்டு முன்னால் வந்தார். "எம்மக வேலைக்குப் போறது கெட்ட காரியமாண்ணே?"

அதன் பிறகு எல்லோரும் தங்கள் வீட்டுப் பேச்சான தெலுங்குக்கு மாறிவிட்டார்கள். நான்கு வீட்டுக்காரர்களும் வெளியே வந்துவிட்டார்கள். கமலா நூலைக் காட்டினார். நாகராஜன் கோயிலைக் காட்டினார். பத்மாவதி எதையும் காட்டவில்லை. நாற்காலியின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார் பேசுறாக?" என்று முருகேசன் என்னிடம் கிசுகிசுத்தார்.

"எனக்குத் தெலுங்கு தெரியாது. நான் பக்கத்துப் பாளையம்பட்டிக்காரன்" என்றேன்.

வெயில் ஏறிவிட்டது. காற்றும் கிளம்பியது. நாகராஜன் சொன்னபடியே நூல் வயிறு தள்ளி, இரண்டு வீடுகளின் படியைத் தொட்டுத் தொட்டு விலகியது. அவர் அதைப் பார்த்தார். போய் கோயில் தூணில் கட்டியிருந்த முனையை அவிழ்த்து, நூலைச் சுற்றிக்கொண்டே திரும்பி வந்தார். வரும்போது தமிழில் பேசினார்.

"பலகை என் வீட்டுல கெடக்கணும். வீதியில ஒரு நிமிசம் கூடக் கெடக்கக் கூடாது. சிமெண்டுன்னு பேச்சே வரக் கூடாது."

"வராது பெரியப்பா" என்றார் பத்மாவதி.

"வந்தா நூலு பிடிப்பேன்."

"பிடிங்க."

5. வெள்ளோட்டம்

தச்சர் செய்துகொண்டு வந்த பலகை நடுவில் கீல் வைத்து மடிக்கிறது. இரண்டு ஓரமும் சக்கரம் நழுவாதபடி சட்டம் அடித்தது. அதைப் போட்டுப் பார்க்கிற நாளில் நாங்கள் மூவரும் மீண்டும் போனோம். பத்மாவதி இறங்கத் தயாராக இருந்தார். நாகராஜன் தடுத்தார்.

"இரு. மொதல்ல நான் ஒக்காந்து பாக்கேன். விழுந்தா நான் விழுறேன்."

அவர் கனத்த சரீரம். பத்மாவதியைத் தாழ்வாரத்துப் பெஞ்சுக்கு மாற்றிவிட்டு, நாற்காலியில் தம்மைத் திணித்துக்கொண்டார். பின்னால் இரண்டு பேர் பிடித்தார்கள். தெரு கூடிவிட்டது.

"பெரியதனம் சப்பரம் பொறப்பட்டிருச்சு, வழி விடுங்கப்பா!"

"தேங்கா ஒடைங்கடா!"

"ஏலே, சிரிக்காமப் புடிங்கல!" என்று கத்தினார் நாகராஜன்.

பாதி வழியில் பலகை கிறீச்சிட்டு வளைந்தது. அவர் இரண்டு கைகளாலும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் சிரிப்பு இல்லை. பின்னால் பிடித்திருந்தவர்களிடம், "விட்டுராதீக, விட்டுராதீக" என்று மட்டும் சொன்னார். கீழே வந்து சேர்ந்ததும் சிறிது நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து படிகளை ஒருமுறை பார்த்தார். பிறகு தச்சரைக் கூப்பிட்டார்.

"நடுவுல ஒரு காலு குடுக்கணும். ஓரத்துல கைப்பிடி வேணும். ஒக்காந்திருக்கிறவுக பிடிக்கிற மாதிரி."

அன்று மாலைக்குள் இரண்டும் சேர்க்கப்பட்டன. பத்மாவதி இறங்கினார். ஸ்கூட்டருக்கு மாறினார். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து ஏறினார். பின்னால் ஒருவர் பிடித்திருந்ததைத் தவிர வேறு உதவி தேவைப்படவில்லை.

எங்கள் வேலை மிச்சம் இருந்தது. அறிக்கை எழுத வேண்டும்.

"கட்டாத வேலைக்கு என்ன சார் அப்ரூவல் போடுறது?" என்று முருகேசன் கவலைப்பட்டார். "படிவத்துல எந்தக் கட்டத்துல டிக் அடிக்க?"

"முகப்பில் மாற்றம் இல்லைன்னு எழுதுங்க" என்றார் உஷா. "அதைப் பார்த்துக்கத்தானே நம்மளப் போட்டிருக்காங்க."

நான்கு வாக்கியத்தில் எழுதினேன். நிலையான கட்டுமானம் இல்லை. தூண், உத்திரம், கல்படிகளில் மாற்றம் இல்லை. எடுத்து வைக்கக்கூடிய மரச்சாய்வு தேவைப்படும் நேரத்தில் மட்டும் பயன்படுத்தப்படும். தெருவினர் சம்மதம் பெறப்பட்டது. கான்கிரீட் ராம்ப் கேட்ட மனு, மனுதாரரால் திரும்பப் பெறப்பட்டது.

முருகேசன் படித்துவிட்டு, "அஞ்சு வாக்கியம் இருக்கு சார்" என்றார்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். மனுவில் இருப்பது கொத்தனாரோ டிராயிங் போடுகிறவரோ சொல்லிக்கொடுத்த பொருள். ராம்ப், ஷட்டர், கர்டர். அதை மட்டும் பார்த்தால் சரி அல்லது கூடாது என்று சொல்லலாம், அவ்வளவே. பாவடித் தெருவுக்குப் பிறகு, அளவு நாடாவை எடுப்பதற்கு முன் நான் ஒரு கேள்வி கேட்கிறேன்: இந்த வேலை முடிந்த மறுநாள் காலையில் நீங்கள் என்ன செய்வீர்கள்? டைல்ஸ் கேட்டு வருகிறவர்கள் யோசிக்கிறார்கள். மற்றவர்கள் உடனே சொல்லிவிடுகிறார்கள். அதைத் தாளின் தலையில் எழுதிக்கொண்டு பிறகு தூணைப் பார்க்கலாம். இரண்டாவது, தெருவின் வழக்கத்தை அது எதைத் தடுக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. எதை, யார் கை வைத்தால் அனுமதிக்கிறது என்றும் கேட்க வேண்டும். இந்தக் கேள்வியை அன்று நான் கேட்கவில்லை. கமலா கேட்டார்.

பத்மாவதி முதல் தேதியன்று வேலையில் சேர்ந்தார். வேலை நாட்களில் எட்டேகால் மணிக்குப் பலகை வெளியே வருகிறது. கிழக்கு ஓரத்தைக் கமலா பிடிக்கிறார், மேற்கு ஓரத்தை நாகராஜன். போன மாதம் நாகராஜன் தன் மகள் வீட்டுக்குச் சென்னை போனார். போவதற்கு முன் பத்மாவதி வீட்டுப் படியேறி, திரும்பி வரும்வரை மேற்கு ஓரத்தைப் பிடிக்கப்போகிறவர் யாரென்று சொல்லிவிட்டுப் போனார்.